கூட்டுச் சேராத மூன்று பேர்

2008 ஜனவரியில் டென்மார்க்கில் ஒரு ஏலம் நடந்தது. ஏலம் போனது சரக்கு அல்ல, உரிமை. அந்த நாட்டில் சர்க்கரை பீட்ரூட்டை வாங்கிச் சர்க்கரை எடுத்த நிறுவனம் டானிஸ்கோ ஒன்றுதான். எந்த விவசாயி எவ்வளவு விளைவித்துக் கொடுக்கலாம் என்பதற்கு அதனுடன் ஒப்பந்தம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைக்குத் தந்துவந்த ஆதரவைக் குறைத்ததும் கணக்கு மாறிப்போனது. சிலருக்குக் கட்டுப்படியாகவில்லை, ஒப்பந்தத்தை விற்றுவிட நினைத்தார்கள். வேறு சிலர் வாங்கத் தயாராக இருந்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரே விலை வேண்டும்.

ஆனால் "இந்த விலைக்கு விற்பேன், இதற்குக் கீழே மாட்டேன்" என்று ஒரு விவசாயி எழுதிக் கொடுப்பது தன் குடும்ப வரவு செலவையே திறந்து காட்டுவது மாதிரி. அதை டானிஸ்கோ பார்த்துவிட்டால் அடுத்த பேரத்தில் அவர் கை தாழ்ந்துவிடும். விவசாயிகள் சங்கம் மட்டும் பார்த்தால் டானிஸ்கோ ஒத்துக்கொள்ளாது. நடுவராக வெளியாள் ஒருவரை வைத்தால் செலவு அதிகம். அந்த ஒருவரை எல்லோரும் நம்பியாக வேண்டும்.

கடைசியில் யாருமே பார்க்கவில்லை. டானிஸ்கோவிடம் ஒரு சர்வர், சங்கத்திடம் ஒன்று, ஆராய்ச்சியாளர்களிடம் ஒன்று. சுமார் 1200 விவசாயிகளின் கேள்வித் தொகைகள் ஒவ்வொன்றும் மூன்று பங்குகளாகப் பிரிந்து மூன்று இடங்களுக்குப் போயின. ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. மூன்று சர்வர்களும் தங்களுக்குள் பேசி அரை மணி நேரம் போலக் கணக்கிட்டு ஒரே ஒரு விலையை வெளியே சொல்லின. சுமார் 25,000 டன் அளவுக்கு உரிமைகள் கைமாறின.

இந்த ஏலத்தின் அடியில் இருக்கும் கணிதத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நான் படித்த கணினி அறிவியலில் இதைவிட அழகான பகுதி எனக்குத் தெரியாது.

நம் கைபேசியில் நடக்கிற மறையாக்கம் எல்லாம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. பெரிய எண்ணைப் பகாக்காரணிகளாக உடைப்பது கடினம், அல்லது அது போன்ற வேறொரு கணக்கு கடினம் என்ற நம்பிக்கை. கடினம் என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. 1994இல் பீட்டர் ஷோர், குவாண்டம் கணினி ஒன்று கைக்கு வந்தால் காரணிப்படுத்துவது சுலபமாகிவிடும் என்று காட்டினார். எதிரி அதுவரை காத்திருக்கலாம். இன்றைக்கு ஓடும் மறைசெய்திகளைப் பதிந்து வைத்துக்கொண்டு 20 வருடம் கழித்துத் திறக்கலாம். வங்கிக் கடவுச்சொல்லுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. மருத்துவ அறிக்கைக்கும் யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதற்கும் 20 வருடம் ஒரு காலமே இல்லை.

இன்னொரு வகைப் பாதுகாப்பு இருக்கிறது, தகவல் அளவிலான பாதுகாப்பு எனலாம். எதிரிக்கு எல்லையில்லாத கணக்கிடும் வலிமையைக் கொடுத்துவிடுங்கள். அப்போதும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அவர் கையில் இருப்பதில் ரகசியத்தைப் பற்றிய தகவலே இல்லை. 1949இல் கிளாட் ஷானன் இதற்கு வரையறை தந்தார், கூடவே விலையையும் சொன்னார்: இருவர் இப்படி ஒரு செய்தியை அனுப்பிக்கொள்ள, அந்தச் செய்தியின் நீளத்துக்குக் குறையாத சாவியை முன்பே பகிர்ந்திருக்க வேண்டும். அந்த விலையைக் கேட்டுப் பலர் இதை நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று ஒதுக்கினார்கள். அது செய்தி அனுப்புவதற்கான கணக்கு. சேர்ந்து கணக்கிடுவது, அதாவது கூட்டுக் கணிப்பு, என்று வந்தால் கதை வேறு.

1979இல் அடி ஷமீர் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். (அதே வருடம் ஜார்ஜ் பிளேக்லி வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.) அதைச் சின்ன எண்களில் செய்து பார்ப்போம். எந்த எண் வந்தாலும் 11ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்வது என்று விதி. ஆக நம்மிடம் 0 முதல் 10 வரை மட்டுமே.

என் ரகசியம் 5. சமவாய்ப்பில் ஒரு சாய்வைத் தேர்ந்தெடுக்கிறேன், 3 வருகிறது. 5இலிருந்து மூன்று மூன்றாக ஏறினால் 8, 11, 14. மீதி எடுத்தால் 8, 0, 3. முதல் ஆளுக்கு 8, இரண்டாம் ஆளுக்கு 0, மூன்றாம் ஆளுக்கு 3. முதல் ஆளின் இடத்தில் இருந்து யோசியுங்கள். அவரிடம் 8 மட்டும் இருக்கிறது. ரகசியம் 0 என்றால் சாய்வு 8ஆக இருந்திருக்கும். ரகசியம் 1 என்றால் சாய்வு 7. ரகசியம் 2 என்றால் 6. பதினொரு ரகசியங்களில் ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற சாய்வு ஒன்றே ஒன்று உண்டு, எல்லாச் சாய்வுக்கும் சம வாய்ப்பு. உலகத்தில் உள்ள அத்தனை கணினிகளையும் கொடுத்தாலும் அவர் ஓர் அடிகூட முன்னே போக முடியாது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நேர்க்கோட்டின் இரண்டு புள்ளிகள் கிடைத்துவிடும்: 8இலிருந்து 0க்குப் போக 3 ஏற வேண்டும், ஆகவே 8இலிருந்து 3 இறங்கினால் 5.

சரி, இதில் கணக்கிடுவது எப்படி? நண்பர் ஒருவரின் ரகசியம் 4 என்று வைப்போம், அவருக்கு வந்த சாய்வு 2. பங்குகள் 6, 8, 10. கூட்டல் வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தன்னிடம் உள்ள இரண்டு பங்குகளையும் கூட்டிக்கொண்டால் போதும்: 3, 8, 2. அதில் எந்த இரண்டைச் சேர்த்துப் பின்னோக்கிப் போனாலும் 9 வரும். யாரும் யாருடனும் பேசவே இல்லை.

பெருக்கல்தான் உயிர்நாடி. ஒவ்வொருவரும் தன் பங்குகளைப் பெருக்கட்டும்: 48, 0, 30, மீதி 4, 0, 8. இவை இப்போது நேர்க்கோட்டில் இல்லை. இரண்டு நேர்க்கோடுகளைப் பெருக்கினால் பரவளையம் வரும். அதை நிர்ணயிக்க மூன்று புள்ளிகள் வேண்டும், நம்மிடம் மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்று புள்ளிகளிலிருந்து ரகசியத்துக்குத் திரும்பும் வழி இது: முதல் எண்ணின் மூன்று மடங்கு, அதிலிருந்து இரண்டாவதின் மூன்று மடங்கைக் கழி, மூன்றாவதைக் கூட்டு: 12 − 0 + 8 = 20, மீதி 9. ஐந்நான்கு இருபது, மீதி 9. விடை சரி. ஆனால் விடையை இங்கேயே உடைத்துப் பார்க்கக் கூடாது, இது நீண்ட கணக்கின் நடுவில் ஒரு படியாக இருக்கலாம். ஆகவே மூவரும் தங்கள் 4, 0, 8 ஆகியவற்றையே புதிய ரகசியங்களாகக் கருதி, புதிய சாய்வுகளோடு மறுபடி மூவருக்கும் பங்கிடுகிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் வந்த பங்குகளில் அதே 'மூன்று மடங்கு, கழி மூன்று மடங்கு, கூட்டு' கணக்கைச் செய்தால், பெருக்குத்தொகை மறுபடி ஒரு நேர்க்கோட்டில் வந்து உட்கார்ந்துவிடும். அடுத்த பெருக்கலுக்குத் தயார். கூட்டலும் பெருக்கலும் கைக்கு வந்துவிட்டால் கணினி செய்கிற எந்தக் கணக்கையும் இதே போல் செய்யலாம்.

இந்தக் கடைசி எளிமைப்படுத்தல் 1998இல் ரொசாரியோ ஜெனாரோ, மைக்கேல் ராபின், தால் ராபின் ஆகியோர் தந்தது. ஆனால் எந்தக் கணக்கையும் இப்படிச் செய்யலாம் என்ற மூலத் தேற்றம் 1988இல் சிகாகோவில் நடந்த ஒரே மாநாட்டில் இரண்டு குழுக்களிடமிருந்து வந்தது. மைக்கேல் பென்-ஓர், ஷஃபி கோல்ட்வாசர், அவி விக்டர்சன் ஒரு பக்கம். டேவிட் சாம், கிளோட் கிரெப்போ, ஈவான் டாம்கோர் இன்னொரு பக்கம். டென்மார்க்கின் ஓர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம்கோர், 20 வருடம் கழித்து நடந்த அந்த பீட்ரூட் ஏலத்தைக் கட்டியவர்களிலும் ஒருவர். ஒரு தேற்றம் வயலுக்குப் போய்ச் சேர்வதை அதை நிரூபித்தவரே கண்ணால் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

மூன்று பேருக்கு இவ்வளவு சுகமாக நடந்தது இரண்டு பேருக்கு நடக்காது. இன்னும் யாருக்கும் வழி தோன்றவில்லை என்பதல்ல காரணம், நடக்கவே முடியாது. பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே சம்மதமா இல்லையா என்று ஒரு பதில் மனதில் இருக்கிறது. இருவருக்கும் சம்மதம் என்றால் மட்டும் அது இருவருக்கும் தெரியட்டும். தனக்குச் சம்மதமில்லாதவர் எதிராளியின் மனதை அறியக் கூடாது. நடுவில் தரகரும் இல்லை, கடினமான கணக்குகளின் துணையும் இல்லை. இருவரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், எத்தனை நாணயங்களைச் சுண்டிக்கொண்டும் பேசட்டும்.

பேசியதை எல்லாம் ஒரு தாளில் பதிவு செய்கிறோம். பெண் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் அவள் பதிலையும் அவள் நாணயத்தையும் அதுவரை பேசியதையும் மட்டுமே பொறுத்தது, மாப்பிள்ளைக்கும் அப்படியே. ஆகவே ஒரு குறிப்பிட்ட பதிவு உருவாகும் நிகழ்தகவை 'அவள் பாகம்', 'அவன் பாகம்' என்று இரண்டு காரணிகளாகப் பிரித்துவிடலாம். அவளுக்குச் சம்மதமில்லை என்றால் அவன் மனம் தெரியக் கூடாது. அப்படியென்றால் 'இல்லை-இல்லை'யிலும் 'இல்லை-ஆம்' நிலையிலும் அந்தப் பதிவுக்கு ஒரே நிகழ்தகவு. அதே காரணத்தால் 'ஆம்-இல்லை'யிலும் அதே நிகழ்தகவு. ஆனால் காரணிகளாகப் பிரிவதால், 'இல்லை-இல்லை'யையும் 'ஆம்-ஆம்' நிலையையும் பெருக்கினால் மற்ற இரண்டின் பெருக்குத்தொகை வந்தாக வேண்டும். மூன்று நிலைகள் சமம் என்றால் நான்காவதும் சமம். இருவருக்கும் சம்மதம் என்ற நிலையிலும் பதிவு மற்ற நிலைகளைப் போலவே இருக்கும், எனவே அதிலிருந்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. விஷயம் முடிந்தது. இரண்டு பேர் என்றால் எந்தெந்தக் கணக்குகள் முடியும், எவை முடியாது என்பதை பென்னி சோரும் எயால் குஷிலெவிட்ஸும் 1989ஐ ஒட்டிய வருடங்களில் தெளிவாக வரையறுத்தார்கள்.

இந்த நிரூபணம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. எல்லாம் ஓர் இடத்தில் நடந்தால் முடியாது, இருவருக்குள் நடந்தாலும் முடியாது. மூன்றாவது ஒருவர் வேண்டும், எந்த இருவரும் கூட்டுச் சேரக் கூடாது. பொதுவாகச் சொன்னால், கூட்டுச் சேர்பவர்கள் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். இந்தத் துறையின் ஆங்கிலக் கட்டுரைகளில் 'நிபந்தனையற்ற பாதுகாப்பு' என்ற பொருள்பட எழுதுவது வழக்கம். எனக்கு அந்தச் சொல்லாட்சியில் உடன்பாடு இல்லை. நிபந்தனை இருக்கத்தான் செய்கிறது. கணிதத்தின் தோளிலிருந்து இறங்கி மனிதர்களின் தோளில் ஏறியிருக்கிறது.

அதனால் இந்தத் தேற்றங்களை நடைமுறைக்குக் கொண்டுவரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த மூன்று பேர் யார் என்பதுதான். டென்மார்க்கில் பதில் அருமையாக அமைந்தது. வாங்குபவரும் விற்பவர்களின் சங்கமும் இயல்பாகவே எதிரெதிர் நலன் உள்ளவர்கள். வாக்குச்சாவடியில் எல்லாக் கட்சி முகவர்களையும் ஒன்றாக உட்கார வைக்கிறோமே, அதே தர்க்கம்: அவர்கள் நல்லவர்கள் என்பதற்காக அல்ல, ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பதற்காக. எஸ்தோனியாவில் 2015 வாக்கில் வரித்துறைப் பதிவுகளையும் உயர்கல்விப் பதிவுகளையும் இணைத்து, படிக்கும்போதே வேலைக்குப் போகும் மாணவர்கள் பட்டம் முடிக்கிறார்களா என்று ஆராய்ந்தார்கள். வரிப் பதிவுகள் மட்டும் சுமார் ஒரு கோடி. அங்கேயும் பங்குகள் மூன்று தனித்தனி அமைப்புகளிடம் இருந்தன, எவரும் எவருடைய வரிக்கணக்கையும் திறந்து பார்க்கவில்லை.

மூன்று சர்வர்களையும் ஒரே நிறுவனம் ஒரே நிர்வாகியின் கீழ் நடத்தினால் ஷமீரின் கணக்கு பிசகாமல் ஓடும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. இன்னொரு சங்கடமும் உண்டு, அதைப் பலர் அழுத்திச் சொல்வதில்லை. இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து பங்குகளை ஒட்டிப் பார்த்தால் எந்தத் தடயமும் இருக்காது. பூட்டு உடையாது, மணி அடிக்காது. ஆகவே கூட்டுச் சேர விரும்பாதவர்களைத் தேடுவதோடு நிற்காமல், சட்டமும் ஒப்பந்தமும் அவர்களைத் தள்ளியே வைக்கும்படியும் அமைக்க வேண்டும். திருட்டுக்கு எதிராக மட்டும் கணிதமே ஓர் உதவி செய்கிறது: அவ்வப்போது எல்லோரும் 0ஐ ரகசியமாகக் கொண்ட புதிய பங்குகளைத் தங்கள் பங்கோடு கூட்டிக்கொண்டால் ரகசியம் மாறாது, பழைய பங்குகள் செல்லாக்காசாகிவிடும். திருடன் இரண்டு இடங்களில் ஒரே தவணைக்குள் திருடியாக வேண்டும்.

இதுவரை எல்லோரும் விதிப்படி நடப்பதாக வைத்துக்கொண்டோம். நடுவில் ஒருவர் பொய்யான பங்கைக் கொடுத்தால்? 1981இலேயே ராபர்ட் மக்லீஸும் திலீப் சர்வதேயும், ஷமீரின் பங்குகள் ரீட்-சாலமன் பிழை திருத்தும் குறியீடுகளேதான் என்று கவனித்துவிட்டார்கள். கீறல் விழுந்த சிடி பாடுவதற்குக் காரணமான அதே வகைக் குறியீடுகள். பொய்யான பங்கு என்பது ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனால் பொய்யர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால்தான் துளிப் பிழையும் இல்லாமல் திருத்த முடியும். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கும்படி அறிவிக்க ஒரு வழி இருந்து, மிகச் சிறிய பிழை வாய்ப்பையும் ஏற்றுக்கொண்டால் பாதிவரை போகலாம் என்று தால் ராபினும் பென்-ஓரும் 1989இல் காட்டினார்கள்.

இந்த இடத்தில் சென்னைக்கு ஓர் உண்மையான பங்கு இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் சி. பாண்டு ரங்கன் நடத்திய ஆராய்ச்சிக் குழு இந்த வகைக் கேள்விகளில் பல வருடம் உழைத்தது. குறிப்பாக, சாவியே இல்லாமல் பல தனித்தனி வழிகளில் ஒரு செய்தியை அனுப்புவது. அவற்றில் சில வழிகள் எதிரியின் பிடியில் இருக்கும். ஒருவழிப் பேச்சு மட்டும் என்றால், எதிரி பிடித்த ஒவ்வொரு வழிக்கும் மூன்று வழிகள் என்ற கணக்கோடு இன்னும் ஒன்று வேண்டும். பதில் பேச முடிந்தால் இரண்டு மடங்கும் ஒன்றும் போதும். இந்தக் கேள்விகளில் பரிமாற்ற அளவை எவ்வளவு சுருக்கலாம் என்று அந்தக் குழுவினர் 2004இல் கிரிப்டோ என்ற மறையாக்க ஆய்வு மாநாட்டில் எழுதினார்கள். ஐஐடி மெட்ராஸில் முனைவர் பட்டம் பெற்ற அர்பிதா பத்ராவும் ஆஷிஷ் சௌத்ரியும் இன்று பெங்களூரில் இதே துறையின் முன்னணியில் இருக்கிறார்கள்.

அப்புறம், இன்னும் விடை தெரியாத கேள்வி. மேலே பார்த்த முறையில் ஒவ்வொரு பெருக்கலுக்கும் ஒரு சுற்றுப் பரிமாற்றம் தேவை. கணக்கில் நூறு கோடிப் பெருக்கல் இருந்தால் பேச்சும் அந்த அளவுக்கு நீளும். கடினத்தன்மையை நம்பத் தயார் என்றால் 2009இல் கிரெய்க் ஜென்ட்ரி இதற்கு வழி காட்டிவிட்டார்: மறைத்து வைத்த தரவின் மேலேயே கணக்கிடலாம், பேச்சு கணக்கின் அளவைப் பொறுத்து வளராது. தகவல் அளவிலான பாதுகாப்பில் அப்படி ஒன்று முடியுமா? ஆட்கள் சிலரே இருக்கும்போது, எந்தக் கணக்காக இருந்தாலும், இடுபொருள் எவ்வளவு நீளமோ அதையொட்டிய பேச்சு மட்டும் போதுமா? நமக்குத் தெரிந்த பொதுவான முறைகளில் பேச்சு இடுபொருளின் நீளத்தோடு அடுக்கடுக்காகப் பெருகுகிறது. அவ்வளவு தேவை என்பதற்கோ நிரூபணம் இல்லை. நிரூபிக்க முடிந்த கீழ் எல்லைகள் நீளத்தின் சில மடங்கோடு நின்றுவிடுகின்றன. கடலளவு இடைவெளி.

பலர் இதில் அவநம்பிக்கையோடு இருக்கிறார்கள். நான் இல்லை, அதற்குக் காரணம் பக்கத்து வீட்டுக் கேள்விகளில் நடந்தது. ஒரு தரவுத்தளத்திலிருந்து எந்தப் பதிவை எடுத்தோம் என்று சர்வருக்கே தெரியாமல் எடுப்பது ஒன்று, ரகசியத் தேடல் எனலாம். சோர், ஓடெட் கோல்ட்ரைக், குஷிலெவிட்ஸ், சென்னையில் பிறந்த மது சூடான் ஆகியோர் 1995இல் இதைத் தொடங்கிவைத்தார்கள். ஒரே சர்வர் என்றால் முழுத் தரவையும் இறக்குவதைத் தவிர வழியில்லை. கூட்டுச் சேராத இரண்டு சர்வர்கள் என்றால் தரவின் கனமூலம் அளவு பேச்சு போதும். நூறு கோடிப் பதிவுகளுக்கு ஆயிரத்தை ஒட்டிய அளவு. இரண்டு சர்வர்களுக்கு அந்தக் கனமூலம்தான் இயற்கையின் எல்லை என்று பலரும் நினைத்தார்கள். 20 வருடம் அது அசையவில்லை. 2015இல் ஜீவ் த்வீரும் சிவகாந்த் கோபியும் அதை உடைத்தார்கள். அவர்கள் முறையில் தேவைப்படும் பேச்சு எந்த மூலத்தைவிடவும் மெதுவாக வளர்கிறது.

இன்னொன்று ரகசியப் பகிர்விலேயே, அதாவது ஷமீர் செய்தது போல ரகசியத்தைப் பங்கிடுவதிலேயே. யார் யார் சேர்ந்தால் திறக்கலாம் என்ற பட்டியல் எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் பங்கிட வேண்டும் என்றால், ஓர் ஆள் கூடும்போதெல்லாம் பங்கின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதே 30 வருட நிலை. 2018இல் தியான்ரென் லியூவும், ஐஐடி மெட்ராஸில் படித்த வினோத் வைகுந்தநாதனும் அதைச் சுமார் 1.99 மடங்காக்கினார்கள். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் சுவரில் முதல் விரிசல் அதுதான். 2021இல் பென்னி ஆப்பில்பாமும் ஓடெட் நிரும் அதை 1.5 மடங்குக்கு இறக்கிவிட்டார்கள்.

2004இல் யுவல் இஷாயும் குஷிலெவிட்ஸும், தகவல் அளவிலான கூட்டுக் கணிப்புக்கும் இந்த ரகசியத் தேடலுக்கும் நெருங்கிய உறவு இருப்பதைக் காட்டினார்கள். ஒன்றில் பெரிய தடை இருப்பதாக நிரூபித்தால் அது மற்றதையும் பாதிக்கும். ஒன்றில் பெரிய வழி திறந்தால் மற்றதிலும் கதவு தெரியும். இரண்டு சர்வர் தேடலில் கதவு திறந்துகொண்டே வருகிறது. அதனால்தான் சுருக்கமான கூட்டுக் கணிப்பு முடியும் என்ற பக்கத்தில் நான் நிற்கிறேன். அது வரும்போது ஜென்ட்ரியின் வழியில் வராது, யாருக்கும் கடினமான எந்தக் கணக்கையும் நம்பாமல், நேர்க்கோடு, பரவளையம் போன்ற பல்லுறுப்புக்கோவைகளைப் பங்கிட ஷமீர் அறியாத ஏதோ ஒரு புதிய முறையிலிருந்து வரும் என்று நினைக்கிறேன்.